வரிசையில் நின்ற குதிரை

குதிரைக்கு யார் பின்னங்கால் என்பதில் மூன்று வாரம் சண்டை நடந்தது.

"நான் தபால்காரி" என்றார் பிரெண்டா ஆன்ட்டி. "இருபது வருஷமா இந்த ஊர் நாய் எல்லாம் என் பின்னாடிதான் ஓடி வருது. நான் போய் இன்னொருத்தர் பின்னாடி ஓடறதா?"

"எனக்கு இருட்டுன்னா தலை சுத்தும், பிரெண்டா" என்றார் டெஸ்ஸாவின் அம்மா ஜெம்மா.

"பள்ளிக்கூடச் சமையல்கட்டுல கரண்ட் போனப்போ ஐந்நூறு உருளைக்கிழங்கு உரிச்சியே, அப்போ சுத்தலையா?"

"உருளைக்கிழங்குக்கு வால் கிடையாது."

கீத் அங்கிள் பெருமூச்சு விட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். பதற்றப்படுகிறவர்கள் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. "ரெண்டு பக்கமும் தலை வெச்சா குதிரை எந்தப் பக்கம் ஓடும்? யாராவது ஒரு நாணயம் கொடுங்க, சுண்டிப் பார்த்துடலாம்" என்றார்.

சுண்டினார்கள். பிரெண்டா ஆன்ட்டி தோற்றார். மறுநாள் அவர் எந்த வீட்டிலும் நின்று பேசாமல், தபாலைக் கதவு இடுக்கில் தள்ளிவிட்டு விடுவிடுவென்று போனார். இரண்டாம் நாள் சரியாகிவிட்டார்.

மார்விக் என்ற அந்தக் கடலோர ஊரில் ஒவ்வொரு ஜூன் மாதமும் அரை மாரத்தான் நடக்கும். பதின்மூன்று மைலும் இன்னும் கொஞ்சமும் ஓட வேண்டும். நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட ஓடுகிறவர்கள் சும்மா ஓட மாட்டார்கள். போன வருடம் மூன்று வாழைப்பழங்களும் ஒரு டீ கெட்டிலும் ஒரு வாத்தும் ஓடின. வாத்துதான் முதலில் வந்தது.

இந்த வருடம் குதிரை. பழுப்புத் துணி, கம்பளி நூல் பிடரி, அட்டைப் பற்கள். முன் பாதிக்குள் அம்மா, பின் பாதிக்குள் பிரெண்டா ஆன்ட்டி. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் கீத் அங்கிள். மூன்று பேருமே இதற்கு முன் பஸ்ஸைப் பிடிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் ஓடியதில்லை.

ஓடுவதற்குக் காரணம் நான்சி.

நான்சி பக்கத்து வீட்டுப் பெண். டெஸ்ஸாவுக்கும் அவளுக்கும் பத்து வயது, ஒரே வகுப்பு. நான்சிக்குக் கால்கள் வேலை செய்யாது. வாய் இரண்டு பேர் வேலையைச் செய்யும். அவளுடைய சக்கர நாற்காலி சாலையில் பறக்கும். கடற்கரையில் மட்டும் இரண்டு அடி உருண்டதும் மணலில் புதைந்து நின்றுவிடும். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு கடல் வரைக்கும் போன காலம் ஒன்று உண்டு.

"இப்போ வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டாள். "மூட்டை மாதிரி போறதுக்கு நான் என்ன அழுக்குத் துணியா?"

அதனால் டெஸ்ஸா அலையில் குதிக்கும்போதெல்லாம் நான்சி மேலே நடைபாதையில் இருந்தபடி, "இதுக்குப் பேர் குதிக்கறதா? விழற மாதிரி இருக்கு!" என்று கத்துவாள். டெஸ்ஸா சிரிப்பாள். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது நான்சி டெஸ்ஸாவைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மணலில் ஓடும் நாற்காலி என்று ஒன்று இருக்கிறது. பலூன் மாதிரி கொழுத்த சக்கரங்கள். மணலில் புதையாது, தண்ணீரில் மிதக்கக்கூடச் செய்யும். ஒன்று வாங்கிக் கடற்கரையில் வைத்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் பாதிப் பேர் குதிரைக்குப் பணம் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். குறைகிற மீதிப் பணத்தைத் தருகிறேன் என்றார் கடற்கரை ஹோட்டல்காரர் மிசஸ் கிராப்பர். ஆனால் அவர் கண்டிப்பானவர். முட்டைக்கு இத்தனை நிமிடம், விருந்தாளிக்கு இத்தனை துண்டு என்று எதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்.

"குதிரை முழுக் குதிரையா வரணும்" என்றார். "கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி வரணும். பாதிக் குதிரைக்குப் பாதிப் பணம் எல்லாம் கிடையாது. நானே முடிவுக் கோட்டுகிட்ட நின்னு பார்ப்பேன்."

கடைசி பஸ் என்பது எல்லோருக்கும் பின்னால் ஊர்ந்து வரும் ஒரு சின்ன மஞ்சள் வண்டி. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும். பஸ் உங்களைத் தாண்டினால் உங்கள் ஓட்டம் முடிந்தது. அதன் ஓட்டுநர் மிகவும் நல்லவர். அதுதான் ஆபத்து. ஜன்னலைத் திறந்து, "உள்ளே சூடா டீ இருக்கு, பிஸ்கட் இருக்கு" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வருவார்.

ஓட்டத்தன்று டெஸ்ஸாவும் நான்சியும் பன்னிரண்டாவது மைலில், ரொட்டிக் கடைக்கு எதிரே, தண்ணீர் மேசையில் நின்றார்கள். இருவருக்கும் மஞ்சள் மேல்சட்டை. நான்சி கழுத்தில் அவள் அப்பாவின் தொலைநோக்கி.

வேகமானவர்கள் போனார்கள். சுமாரானவர்கள் போனார்கள். ஒரு பெரிய முட்டைகோஸ் போனது.

"குதிரை!" என்று கத்தினாள் நான்சி. "தெரியுது! தலை தெரியுது! ஆனா ஏன் நொண்டுது?"

குதிரை மேட்டில் ஏறி வந்தது. முன்னங்கால்கள் ஓடின. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குட்டிக் குட்டியாக அடி வைத்தன.

"மெதுவா, மெதுவா" என்றார் கீத் அங்கிள். "கண்ணாடியைப் பாரு, இடது பக்கம் சிக்னல் போடு, ஓரங்கட்டு."

குதிரை ஓரங்கட்டியது.

"அம்மா, சூப்பர்! இன்னும் ஒரு மைல்தான்!" என்றாள் டெஸ்ஸா.

"எனக்கு ஒண்ணும் இல்ல, கண்ணு" என்றது குதிரையின் வாய். "பின்னாடிதான் பிரச்சினை."

குதிரையின் வயிற்றில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து பிரெண்டா ஆன்ட்டி முகத்தை நீட்டினார். தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"செல்லம், நான் பாத்ரூம் போகணும். இப்பவே."

"எவ்ளோ தண்ணி குடிச்சீங்க ஆன்ட்டி?"

"ஒவ்வொரு மேசையிலயும் ரெண்டு கப்."

"ரெண்டா! எதுக்கு?"

"குழந்தைங்க ஆசையா நீட்டுதுங்க. வேண்டாம்னு சொன்னா மனசு கஷ்டப்படாதா? ஒருத்தர்கிட்ட வாங்கிட்டு இன்னொருத்தர்கிட்ட வாங்காம போனா அதுவும் தப்பு."

சாலையின் அந்தப் பக்கம், ரொட்டிக் கடைச் சுவரோரம், ஓடுகிறவர்களுக்காக நீலப் பெட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கழிவறை வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு வரிசை. பதினேழு பேர். முட்டைகோஸும் அதில் இருந்தது. குதிரை அடக்க ஒடுக்கமாகப் போய்க் கடைசியில் நின்றது.

"பஸ் எங்கே?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

நான்சி தொலைநோக்கியைத் திருப்பினாள். "தேவாலயத்துக்கு அந்தப் பக்கம். இன்னும் இருபது நிமிஷம் ஆகும். நிறைய நேரம் இருக்கு."

ஐந்து நிமிடம் ஆனது. வரிசை நகரவில்லை.

பத்து நிமிடம் ஆனது. முட்டைகோஸ் தன் இலைகளில் ஒன்றைச் சரிசெய்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

"பஸ் தேவாலயத்தைத் தாண்டிடுச்சு" என்றாள் நான்சி. அவள் குரலில் சிரிப்பு இல்லை. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவும் இல்லை. "போனாப் போகுது விடு, டெஸ். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

நான்சி எதையும் அடுத்த வருடத்துக்கு விடுகிற ஆள் இல்லை. டெஸ்ஸா கையிலிருந்த கப்பை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தாள்.

"மன்னிக்கணும்" என்றாள் முட்டைகோஸிடம். "ஏன் வரிசை நகரவே இல்ல?"

"உள்ளே யாரோ இருக்காங்கம்மா" என்றது முட்டைகோஸ் ரகசியமாக. "ரொம்ப நேரமா. பாவம், வயிறு சரியில்ல போல."

"நீங்க தட்டிப் பார்த்தீங்களா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தட்டறதா!" என்றார் ஒருவர்.

"அவங்களுக்கு எவ்ளோ சங்கடமா இருக்கும்!" என்றார் இன்னொருவர்.

டெஸ்ஸா முன்னால் நடந்தாள். வரிசையின் முதல் ஆளாக ஒரு தாத்தா நின்றார். தட்டைத் தொப்பி, கையில் பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் காலிபிளவர். ஓடுகிறவர் மாதிரியே இல்லை. சட்டையில் எண்ணும் இல்லை.

"சார், நீங்க எவ்ளோ நேரமா நிக்கறீங்க?"

"அரை மணி நேரம் இருக்கும்" என்றார் தாத்தா. "என் மனைவி மேவிஸ் ரொட்டிக் கடைக்குள்ள போனா. வெளியே நில்லுன்னு சொன்னா. நிக்கறேன்."

"அப்போ நீங்க... பாத்ரூமுக்கு நிக்கலையா?"

"இல்லையே. எனக்கு எதுக்கு?" அவர் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒரு விஷயம் புரியல பாப்பா. இவங்க எல்லாம் எதுக்கு என் பின்னாடி நிக்கறாங்க?"

"கேட்கலாமே சார்?"

"எப்படிக் கேட்கறது? முன்பின் தெரியாதவங்க."

டெஸ்ஸா நீலக் கதவைப் பார்த்தாள். கைப்பிடிக்குக் கீழே ஒரு பூட்டு தொங்கியது. வெளிப்பக்கம். உள்ளே யாரும் இல்லை, காலையிலிருந்தே யாரும் இருந்திருக்க முடியாது. யாரோ திறந்துவைக்க மறந்துவிட்டார்கள். கதவில் சிவப்பு வட்டம் மட்டும் 'ஆள் இருக்கிறார்' என்று காட்டிக்கொண்டிருந்தது. வட்டத்தைப் பார்த்து ஒருவர் தாத்தாவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்கள்.

டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் தாத்தாவின் காதுகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. பூட்டை அவரும் பார்த்துவிட்டார்.

"ஐயையோ" என்று முனகினார். "இத்தனை பேரும் என்னாலயா நின்னாங்க?"

"உங்க தப்பு ஒண்ணும் இல்ல, சார்" என்றாள் டெஸ்ஸா. பிறகு திரும்பி, சத்தமாகச் சொன்னாள். "இந்தப் பாத்ரூம் பூட்டியிருக்கு. சாவி இல்ல. அடுத்தது கடற்கரையிலதான் இருக்கு, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்துல. ஒரு மைல். எல்லாரும் அங்கே போயிடுங்க!"

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் நகரவில்லை.

"நீங்க முதல்ல போங்க" என்றார் இரண்டாம் ஆள், மூன்றாம் ஆளிடம்.

"ஐயோ, நீங்கதானே எனக்கு முன்னாடி வந்தீங்க."

"பரவாயில்ல, உங்களுக்கு அவசரம் போல இருக்கு."

"அவசரம்தான். அதுக்காக முந்தலாமா?"

"நான் முந்த மாட்டேன்" என்றது குதிரையின் வயிறு, கடைசியிலிருந்து. "செத்தாலும் வரிசையை முந்த மாட்டேன்."

"பிரெண்டா!" என்றது குதிரையின் தலை. "ஓட்டப் பந்தயம்னா முந்தறதுதான்!"

"ஓட்டத்துல முந்தலாம், ஜெம்மா. வரிசையில முந்தக் கூடாது."

"டெஸ்!" நான்சி சாலையின் அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "பஸ் வளைவுல திரும்புது! எனக்கு பிஸ்கட் வாசனையே வருது!"

டெஸ்ஸா பதினேழு பேரையும் ஒரு குதிரையையும் பார்த்தாள். இவர்கள் நல்லவர்கள். கலையச் சொன்னால் கலைய மாட்டார்கள். ஒருவரை ஒருவர் முந்தவும் மாட்டார்கள். அப்படியானால்...

"சார்" என்றாள் தாத்தாவிடம். "உங்களால ஒரு மைல் வேகமா நடக்க முடியுமா?"

"தினமும் நாலு மைல் நடக்கறேன். ஏன்?"

"அப்போ வரிசையைக் கலைக்க வேண்டாம். இப்படியே எடுத்துட்டுப் போயிடலாம். நீங்க முன்னாடி போங்க, எல்லாரும் அவங்கவங்க இடத்துலயே பின்னாடி வரட்டும்."

தாத்தாவின் முகம் மலர்ந்தது. தன்னால் வந்த குழப்பத்தைத் தானே சரிசெய்ய ஒரு வழி கிடைத்துவிட்டது. தொப்பியை அழுத்தி மாட்டினார். காலிபிளவரை மார்போடு அணைத்துக்கொண்டார். "வரிசை!" என்றார் உரக்க. "கிளம்பு!"

வரிசை கிளம்பியது.

மார்விக் ஊர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முன்னால் தட்டைத் தொப்பித் தாத்தா. அவருக்குப் பின்னால் பதினாறு பேர், ஆளுக்கு ஒரு கை இடைவெளி விட்டு, ஒருவர்கூட முந்தாமல். கடைசியில் குதிரை. அதன் பக்கத்தில் கீத் அங்கிள், "இடைவெளி விடு, முன் வண்டியை ஒட்டாதே" என்று சொல்லிக்கொண்டு. இவர்களுக்கு இணையாக நடைபாதையில் நான்சி இறக்கத்தில் உருள, அவள் நாற்காலியின் பின்னால் தொற்றிக்கொள்ளாத குறையாக டெஸ்ஸா ஓடினாள்.

ரொட்டிக் கடைக் கதவு திறந்தது. கையில் இரண்டு ரொட்டியோடு ஒரு பாட்டி வெளியே வந்தார்.

"ஹெரால்டு! எங்கே போறீங்க?"

"தெரியல மேவிஸ்!" என்று தாத்தா திரும்பாமலே கத்தினார். "ஆனா நான்தான் முதல்ல!"

வேகமான நடை சற்று நேரத்தில் மெல்லோட்டமானது. இறக்கம் உதவியது. கடல் தெரிந்தது, கொடிகள் தெரிந்தன, முடிவுக் கோட்டின் பெரிய வளைவு தெரிந்தது. பின்னால் மஞ்சள் பஸ், "டீ... பிஸ்கட்..." என்று முனகிக்கொண்டு வந்தது.

கோட்டுக்கு நாற்பது அடி முன்னால் சாலை இரண்டாகப் பிரிந்தது. நேராகப் போனால் முடிவுக் கோடு. இடப்பக்கம் திரும்பினால் கழிவறை.

தாத்தா இடப்பக்கம் திரும்பினார்.

பதினாறு பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.

குதிரையின் முன்னங்கால்கள் நேராகப் போயின. பின்னங்கால்கள் இடப்பக்கம் போயின. குதிரை நடுவில் விறைத்து நின்றது. வயிற்றுத் தையலில் 'டர்ர்' என்று ஒரு சத்தம்.

"பிரெண்டா, இந்தப் பக்கம்! கோடு இதோ இருக்கு!"

"ஜெம்மா, என் இடம் போயிடும்! ஒரு மைல் காப்பாத்திட்டு வந்த இடம்!"

"சாலை நடுவுல யாரும் யூ-டர்ன் போடக் கூடாது!" என்று கீத் அங்கிள் இரண்டு கையையும் நீட்டினார்.

'டர்ர்ர்.'

கோட்டுக்குப் பக்கத்தில் மிசஸ் கிராப்பர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "முழுக் குதிரை!" என்று ஞாபகப்படுத்தினார். அவர் கெட்டவர் இல்லை. சொன்ன சொல்லில் நிற்கிறவர், அவ்வளவுதான்.

தையலில் ஒரு கை நுழையும் அளவு ஓட்டை விழுந்தது. பஸ் ஒரு வீட்டுத் தூரத்தில் வந்துவிட்டது. நான்சி ஒன்றும் பேசவில்லை. பத்து வருடத்தில் முதல் முறையாக அவளுக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

அந்த மௌனம்தான் டெஸ்ஸாவை ஓட வைத்தது. அவள் பாய்ந்து சென்று வரிசையின் கடைசியில், குதிரை நிற்க வேண்டிய இடத்தில், இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

"பிரெண்டா ஆன்ட்டி! உங்க இடத்தை நான் பிடிச்சு வெச்சிருக்கேன்!"

குதிரை இழுப்பதை நிறுத்தியது. வயிற்றுக் கதவு திறந்தது.

"நிஜமாவா?"

"நிஜமா. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நகர மாட்டேன். போயிட்டு வாங்க!"

"முன்னாடி நிக்கறவங்க ஏதாவது..."

"இடம் பிடிச்சு வெக்கலாம்" என்றது முட்டைகோஸ் உறுதியாக. "அது முறைதான்."

"தாராளமா!" என்று பதினாறு குரல்கள்.

பிரெண்டா ஆன்ட்டியின் மனதிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போலும். வேறு ஒரு பாரம் இறங்காமல் இருந்ததால், அவர் புறப்பட்ட வேகத்தை அந்த ஊர் நாய்கள்கூட அதுவரை கண்டதில்லை.

டெஸ்ஸாவால் பார்க்க முடியவில்லை. கோடு வலப்பக்கம் சற்று முன்னால் இருந்தது. நடுவில் முட்டைகோஸ் மலைபோல் மறைத்தது. வாக்குக் கொடுத்துவிட்டாள், இடத்தை விட்டு நகர முடியாது. அம்மா கோட்டைத் தாண்டுவதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நான்சி! என்ன ஆச்சு? சொல்லு!"

நான்சிக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது. "பின்னங்கால் ஓடுது! சூப்பரா ஓடுது! ஐயோ, முன்னங்காலை இடிச்சிடுச்சு! குதிரை மடங்கிடுச்சு, டெஸ்! அக்கார்டியன் துருத்தி மாதிரி!"

"பஸ்?"

"பஸ் பக்கத்துல வந்துடுச்சு! ஓட்டுநர் பிஸ்கட் டப்பாவைக் காட்டறார்! கீத் அங்கிள் பார்த்துட்டார்! பார்க்காதீங்க அங்கிள்! சாலையைப் பாருங்க!"

"அப்புறம்?"

"குதிரை திரும்பிடுச்சு! பின்னாடி முன்னாடி வந்துடுச்சு! வால் கோட்டுகிட்ட போயிடுச்சு! வால் தாண்டிடுச்சு! வயிறு தாண்டிடுச்சு! தலை... தலை... தலை இன்னும்..."

"நான்சி!"

"தாண்டிடுச்சு! பஸ் ரெண்டு அடி பின்னாடி! டெஸ், தாண்டிடுச்சு!"

கூட்டம் ஆரவாரித்தது. பிறகு எல்லோரும் திரும்பி மிசஸ் கிராப்பரைப் பார்த்தார்கள். அவர் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஓட்டையைப் பார்த்தார். ஓட்டைக்குள் அம்மாவின் முழங்கை தெரிந்தது. மீதியிருந்த தையலை விரலால் எண்ணினார்.

"பின்பக்கமா வந்திருக்கு" என்றார்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆனா முழுசா வந்திருக்கு. எந்தப் பக்கம் முதல்ல வரணும்னு நான் சொல்லவே இல்லை. என் தப்புதான், அடுத்த தடவை எழுதி வெச்சுக்கறேன்." கைப்பையிலிருந்து காசோலையை எடுத்தார். அது ஏற்கெனவே எழுதி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இதற்குள் வரிசையில் ஒரு சலசலப்பு.

"பாப்பா" என்று முட்டைகோஸ் தயங்கித் தயங்கிக் கேட்டது. "உனக்குச் சிரமம் இல்லன்னா... எனக்கும் அந்தக் கோட்டைத் தாண்டணும். என் இடத்தையும்...?"

"எனக்கும்?"

"கேட்கவே கூச்சமா இருக்கு, எனக்கும்?"

பஸ் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "வரிசையில நின்னவங்களைப் பஸ் முந்தினதா கணக்கு கிடையாது. போங்க, போங்க" என்று கையசைத்தார்.

ஒரு நிமிடத்தில் வரிசை காலி. தாத்தா முதல் இடத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் வெட்ட வெளி. கடைசி இடத்தில் டெஸ்ஸா. நடு இடங்களுக்காக நான்சி தன் நாற்காலியைக் குறுக்காக நிறுத்திக்கொண்டாள். மூச்சு வாங்க வந்து சேர்ந்த மேவிஸ் பாட்டி அந்தக் காட்சியைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க ஹெரால்டு?"

"பதினாறு பேரும் ஒரு குதிரையும் நிக்கறோம்" என்றார் தாத்தா பெருமையாக. "நீயும் ரெண்டு பேரா நில்லு."

பாட்டி ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

எல்லோரும் பதக்கத்தோடு திரும்பி வந்தார்கள். அவரவர் இடம் அவரவருக்குக் கிடைத்தது. குதிரையின் ஜிப் சிக்கிக்கொண்டு பிரெண்டா ஆன்ட்டியால் வெளியே வர முடியவில்லை. அதைப் பார்த்ததும் பதினாறு பேரும் ஒரே குரலில், "நீங்க முதல்ல போங்க!" என்றார்கள். ஆன்ட்டி மறுத்தார். மூன்று முறை மறுத்தார். நான்காவது முறை மறுக்க வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார். குதிரை முழுதாகத்தான் உள்ளே போனது. கதவு மூடவில்லை, அம்மாவின் தலை மட்டும் வெளியே நின்று வானத்தைப் பார்த்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

ஆகஸ்ட் மாதத்தில் நாற்காலி வந்தது. மஞ்சள் நிறம். சக்கரங்கள் பூசணிக்காய் மாதிரி கொழுத்திருந்தன.

நான்சி அதில் ஏறி உட்கார்ந்தாள். டெஸ்ஸா தள்ளினாள். மணல் சும்மா கிடந்தது, யாரையும் பிடித்து வைக்கவில்லை. நடைபாதையில் அம்மா, கீத் அங்கிள், பிரெண்டா ஆன்ட்டி, நான்சியின் அப்பா எல்லோரும் நின்று கையசைத்தார்கள்.

ஈர மணல் வந்தது. நுரை வந்தது. முதல் அலை சக்கரத்தைத் தாண்டி நான்சியின் மடி வரைக்கும் ஏறியது.

"அம்மாடி!" என்று அலறினாள் நான்சி. "ஐஸ் மாதிரி குளிருது! இதுலயா நீ தினமும் குதிச்சே? இதுக்கா மூணு பேர் பதின்மூணு மைல் ஓடினாங்க?"

"திரும்பிடலாமா?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

நான்சியின் பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. உதடு நீலமாகிவிட்டது. கைப்பிடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றாள். "இன்னும் உள்ளே தள்ளு!"